எக்ஸ்பெரியான்ஸ்

பாரிசில் மனோதத்துவம் படித்துவிட்டு வந்த டாக்டர் அரிகிருஷ்ணனுக்குப் புதுச்சேரியில் ஒரே ஒரு குறைதான். சோதனைக்கு எலிகள் கிடைக்கவில்லை. மனிதர்களை வைத்துத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியும் டாக்டரின் நாக்கிலிருந்து பிரெஞ்சு இறங்கவில்லை. சோதனை என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்க, அவருக்கு அது 'எக்ஸ்பெரியான்ஸ்'.

சோதனை இதுதான். வேலை தேடி வருகிறவரை மாடி அறையில் தனியாக உட்காரவைத்து, பெயர், ஊர், செய்த தொழில் எல்லாம் எழுதச் சொல்லி ஒரு தாளைக் கொடுப்பார். அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. ஆளை உட்காரவைக்க அது ஒரு சாக்கு, அவ்வளவுதான். மேசைமேல் தங்கக் கைக்கடிகாரம் கிடக்கும். மாமனார் சைகோனில் வாங்கி மாப்பிள்ளைக்குப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தால் மாப்பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டுத்தான் மனுஷர் முகத்தைப் பார்ப்பார்.

உதவியாளர் ஆதிலட்சுமி தண்ணீர் வைக்கிற மாதிரி வந்து, கடிகாரத்தை மேசை டிராயருக்குள் தள்ளிவிட்டுப் போவாள். கால் மணி கழித்து டாக்டர் நுழைந்து, "கடிகாரம் எங்கே? போலீசைக் கூப்பிடட்டுமா?" என்று குதிப்பார். ஒரு பாவமும் அறியாத ஜீவன் எத்தனை நிமிஷத்தில் 'நான்தான் எடுத்தேன்' என்று ஒப்புக்கொள்கிறது என்பதை நோட்டில் குறிப்பார். விஞ்ஞானம் வளர வேண்டாமா?

"சொல்லாம கொள்ளாம இப்படிப் பண்றது பாவம் இல்லீங்களா, முசியே?" என்றாள் ஆதிலட்சுமி. "மீன்காரம்மா அங்கம்மாள் கம்மலக் கழட்டிக் குடுத்து, இத வச்சிக்கினு என்ன உட்டுடுங்கன்னு அழுதுச்சே."

"சொல்லிவிட்டுச் செய்தால் அழுவார்களா?" என்று கேட்டார் டாக்டர்.

ஆனாலும் மறுநாள் அங்கம்மாளின் மூன்று மகன்களும் துடுப்போடு வந்து வாசலில் நின்றபோது டாக்டருக்குத் திடீரென்று மனசாட்சி பிறந்தது. அன்றிலிருந்து சோதனை முடிந்ததும் ஆளுக்கு ஒரு கடிதம்: 'இவர் எதையும் திருடவில்லை. திருடியதாகச் சொன்னது நான் கட்டிய கதை.' கீழே கையெழுத்து, முத்திரை.

பிறகு ஒரு நாள் வந்தவன் உழவர்கரைக் கன்னியப்பன். நாற்பது வயசிருக்கும். துவைத்துத் துவைத்து நைந்த சட்டை.

"பயப்படாதே. சின்ன எக்ஸ்பெரியான்ஸ்தான்" என்றார் டாக்டர்.

"எக்ஸ்பீரியன்ஸுங்களா? அது பதினோரு வருஷம் இருக்குதுங்க, முசியே. ஆனா அந்தத் தொழில உட்டுட்டேன். வேற எந்த வேல குடுத்தாலும் செய்றேன். எனக்கு ஒரு வேல கெடைக்கணும்னு எம் பொண்டாட்டி ஆறு மாசமா வேண்டாத சாமியில்ல."

மில்லில் வேலை போனவன் போலிருக்கிறது என்று டாக்டர் ஆதிலட்சுமியைப் பார்த்துச் சிரித்தார். பாவம், பிரெஞ்சும் தெரியவில்லை, இங்கிலீஷும் தெரியவில்லை!

கால் மணி ஆயிற்று. டாக்டர் நுழைந்தார், குதித்தார். போலீஸ், ஜெயில், தெருவில் நிற்கப்போகும் பெண்டாட்டி பிள்ளை, ஒன்றையும் விடவில்லை.

கன்னியப்பன் தடாலென்று காலில் விழுந்தான்.

"நான்தாங்க எடுத்தேன். புத்தி கெட்டுப் போச்சுங்க. எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா உசுரையே உட்டுடும். இந்தாங்க, இப்பவே குடுத்துடறேன்..." என்று மடியை அவிழ்க்கப் போனான்.

அங்கம்மாள் கம்மலைக் கழட்டினாள், இவன் அரைஞாண் கயிறு போலிருக்கிறது! டாக்டர் அவன் கையை எட்டிப் பிடித்தார்.

"ஒன்றும் தரவேண்டாம், எழுந்திரு. நீ எடுக்கவில்லை."

"எடுத்தேனுங்க!"

"எடுக்கவில்லை என்கிறேன். உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

ஐம்பது விநாடி என்று நோட்டில் எழுதினார். அதுவரை இப்படி ஒரு ரெக்கார்டு இல்லை. கடிதத்தில் ஆசையாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். கன்னியப்பன் அதை இரண்டு தடவை படித்தான். டாக்டரை ஒரு மாதிரி பார்த்தான். கும்பிட்டுவிட்டு மெதுவாகப் படியிறங்கிப் போனான்.

"பார்த்தாயா? நிரபராதியே இந்தப் பாடு படுகிறான்!" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் டிராயரை இழுத்தார்.

துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"போலீஸ்!" என்று அலறினார், இந்தத் தடவை நிஜமாகவே.

"போலீசுல என்னன்னு சொல்லுவீங்க, முசியே? அவரு எடுக்கலன்னு நீங்களே சீல் வச்சுக் குடுத்திருக்கீங்களே" என்ற ஆதிலட்சுமி, மேசையில் கிடந்த தாளை எடுத்து முதன்முதலாகப் படித்தாள்.

'செய்த தொழில்: ஜேப்படி, பதினோரு வருஷம். விட்டு ஆறு மாசம் ஆவுது. யாரும் ஆசை காட்டாம இருந்தா திருந்திடுவேன்.'