கதை சொல்லும் ஆல்பம்

"மாப்பிள்ளை மூஞ்சி நேரா தெரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு குடுங்க சார்" என்று வடக்கனந்தல் கொளஞ்சியப்பன் கேட்டதும் தங்கதுரைக்குச் சுருக்கென்றது.

கள்ளக்குறிச்சியில் மற்றவர்கள் கல்யாணத்தைப் போட்டோ பிடிப்பார்கள். தங்கதுரை காவியம் படைப்பான்.

"மூஞ்சி வேணும்னா பாஸ்போர்ட் சைஸ் கடைக்குப் போங்க பெரியவரே. இதைப் பாருங்க. கல்வராயன் மலை, பனிமூட்டம், உங்க பொண்ணு செவ்வந்தி சிரிக்குது, அவரு குடைக்குப் பின்னால. எவ்ளோ அர்த்தம் இருக்குது."

"குடைதான் சார் இருக்குது. சொந்தக்காரங்க செல்லுல எடுத்திருந்தாலும் ஆயிருக்கும். நீங்கதான் எவனும் எடுக்கக்கூடாதுன்னீங்க."

"செல்லு நீட்டினா கதை கெட்டுப்பூடும். மாப்பிள்ளையே அதை ஒத்துக்கினாரு. 'மூஞ்சியே வேணாம், உங்க கலை போதும்'னு செலவெல்லாம் அவரே பண்ணாரு. ரசிகன்னா அவருதான். உங்களுக்கு இன்னா, செவுத்துல மாட்டணுமா?"

கொளஞ்சியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஸ்டேஷன்ல கேக்கறாங்க சார். பொண்ணை இட்டுக்கினு போனவரு, ரெண்டு பேர் போனும் ஆஃப். அவரு சொன்ன ஊருல அப்படி ஒரு ஆளே இல்லியாம். வேற ஊர்லயும் இதே மாதிரி பொண்ணுங்க போயிருக்குதாம்."

தங்கதுரை ஆல்பத்தைப் புரட்டினான். கழித்துப்போட்ட படங்களையும் கம்ப்யூட்டரில் திறந்தான். குடை, மாலை, புகை, நிழல்.

"அடையாளம் சொன்னா வரைஞ்சிக்குவாங்களாம். எங்களுக்குச் சொல்லத் தெரியல. நாள் முழுக்கப் பாத்தவரு, நீங்க வந்து சொல்லுங்க சார்."

தங்கதுரை கண்ணை மூடி யோசித்தான். அந்த மனிதனின் முதுகுதான் ஞாபகம் வந்தது.