நீலப் பிறை

அந்தப் பெண் மேஜைமேல் வைத்த வெள்ளி நாணயத்தைப் பார்த்ததும், இது தன் கைக்கு ஏற்கெனவே வந்துபோன காசு என்று நாணய வியாபாரிக்குத் தோன்றியது. அவளோடு வந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

வியாபாரி லென்ஸைக் கண்ணில் பொருத்தினார். ராஜாவின் தலையைச் சுற்றிப் பிறை மாதிரி நீலக் கறை. ஒரு பெட்டியில் வருஷக்கணக்காகக் கிடக்கும் வெள்ளிக்கு வருகிற கறை இன்னொரு பெட்டியில் வராது.

"யாரோடதும்மா இது?"

"அப்பாவோடது. எந்தத் தரம்னு சொல்லுங்க."

முதலில் இதை வாங்கி உள்ளே பூட்டிவிட வேண்டும்.

"முகம் தேயல, முடிகூடத் தனித்தனியாத் தெரியுது. முதல் தரம்தான். ஆனா பின்னாடி எழுத்துக்குக் கீழ நீளமா ஒரு கீறல் இருக்கே, ரெண்டு படி இறங்கிடும். பரவாயில்ல, நானே எடுத்துக்கறேன்."

"நீங்க இன்னும் திருப்பியே பாக்கலையே."

அவளே திருப்பி வைத்தாள். பின்பக்கம் மாசு மறுவில்லாமல் இருந்தது.

"அப்பாகிட்ட இது ஜோடியா இருந்துச்சு. நாப்பது வருஷமா ஒரே பெட்டி, அதான் ரெண்டுலயும் ஒரே கறை. அவரோட கடைசி நாள் காலையில போன் பண்ணி, ஒண்ணைக் கீழ போட்டுட்டேன், கீறல் விழுந்துடுச்சுன்னு அழாத குறையாச் சொன்னார். மத்தியானம் மாடிப்படிக்குக் கீழ செத்துக் கிடந்தார். அந்தக் காசைக் காணோம்."

விற்றுக் கைகழுவிய காசுதான் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்திருந்த வியாபாரி, காசை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"கீறலைப் பத்தி நான் வெளியில மூச்சு விடல," என்றாள். "இதைத் தூக்கிக்கிட்டு ஏறி இறங்கினதுல உங்களோடது பதினோராவது கடை."

வாசலில் நின்றவர் உள்ளே வந்து கதவைத் தாழிட்டார்.