மீதி உனக்கு

“என்னைச் சென்னைக்கு மாத்துங்க.”

சுந்தரவல்லி உட்காரக்கூட இல்லை. ‘இதை மட்டும் ஆபீஸில் கேட்டுடாதே, நம்ம விஷயம் வெளியே தெரிஞ்சுடும்’ என்று, சென்னைக் கிளைக்குக் கிளம்பும்போது பிரேம்குமார் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

டீம் லீடர் ராம்கி லேப்டாப்பை மெல்ல மூடினான். “பிரேமுக்காகவா?”

“போனை எடுக்கிறதில்ல. அந்த ஒரு வரி மட்டும்தான் வருது.”

இருவருக்கும் ஒரே புராஜெக்ட். பாதி எழுதிய கோடிங்கைப் பிரேம்குமார் தினமும் மாலை ‘கிட்’ என்ற பொதுக் கோடிங் சேமிப்பில் ஏற்றுவான்; கொல்கத்தாவில் இவள் தன் கம்ப்யூட்டரில் இறக்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். ஏற்றும்போது என்ன மாற்றம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அவன் எழுதுவது: ‘மீதி உனக்கு. டீ குடிச்சியா?’

அதைப் பார்த்த பிறகுதான் அவள் டீக்கே போவாள்.

“போகாதே வல்லி.”

“ஏன்? கொல்கத்தா கிடர்பூர் துறைமுகக் கிரேன் டிரைவர் பொண்ணு சென்னைக்குச் சரிப்பட மாட்டாளா?”

“அவன் அங்க இல்ல. வேலையை விட்டுட்டான். அவன் லேப்டாப்பை இங்க அனுப்பி எனக்குக் குடுத்தாங்க. கிட்ல பேரை மாத்தாம விட்டுட்டேன். நான் எதை ஏத்தினாலும் அவன் பேர்லதான் போச்சு.”

அவள் மேஜைமேல் இருந்த லேப்டாப்பைப் பார்த்தாள்.

“முதல் நாள் தெரியாமத்தான் நடந்துச்சு. நீ அந்தப் பேரைப் பார்த்துச் சிரிச்சே. என்கிட்ட ஒருநாளும் அப்படிச் சிரிச்சதில்ல. அப்புறம் அவன் மாதிரியே எழுத ஆரம்பிச்சேன். நிறுத்த முடியல.”

“தெரியும்.”

ராம்கி நிமிர்ந்தான்.

“போன வாரம் மழையன்னிக்கு, ‘கிடர்பூர் பாலத்தடியில தண்ணி, சுத்திப் போ’னு வந்துச்சு. சென்னையில உக்காந்துக்கிட்டு அதை எவன் சொல்வான்? நான் போற வழி தெரிஞ்ச ஆள் இங்க நீங்க மட்டும்தான்.” அவள் குரல் இறங்கியது. “தெரிஞ்ச பிறகும் தினம் இறக்கிப் பார்த்தேன். அவன் பேர் இருந்துச்சே.”

“வல்லி, நான்...”

“மாற்றல் ஆர்டரைக் காலையிலேயே எச்.ஆர். ஸ்மிதா மேடம் குடுத்துட்டாங்க. நீங்களா வாயைத் திறக்கிறீங்களானு பார்க்கத்தான் வந்தேன்.” கதவைத் திறந்தாள்.

“அவன்தான் அங்க இல்லையே. அப்புறம் சென்னை எதுக்கு?”

“அவன் இருக்கிற ஊருக்கா கேட்டேன்? நீங்க இல்லாத ஊருக்குக் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.