கம்பி முடி

ஒன்பது மாதக் கப்பல் வேலை முடிந்து வந்த இக்னேசியஸ், உள்துறைமுக வீதியில் நாய்களுக்கு முடி வெட்டும் மெல்ரோயின் கடைக்குள் நாயோடு நுழைந்தார்.

“தம்பி, உண்மையைச் சொல்லும். இது என்ர சீசர்தானோ?”

மெல்ரோய் சீப்பைக் கீழே வைத்தான். “ஏன் அண்ணை?”

“சீசரின்ர முடி கம்பி மாதிரி, நல்ல மண்ணிறம். இது பஞ்சு மாதிரி வெளிறிக் கிடக்கு. வீட்டில மனுசியைக் கேட்டா, உம்மைக் கேக்கச் சொல்லுறா.”

“அதுவோ! இந்தச் சாதிக்குப் பழைய முடியைக் கையாலதான் பிடுங்க வேணும். பராமரிக்கச் சுகமா இருக்கட்டும் எண்டு உங்கட வீட்டு அக்காதான் மெஷினால ஒட்ட வெட்டச் சொன்னவ. மெஷின் பட்டா முடி மெதுமெதுப்பாகி நிறமும் போயிடும்.”

“பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புதில்லை.”

“ஒன்பது மாசமா உங்கட சத்தம் கேக்கேல்லத்தானே.”

“உம்மைக் கண்டா மட்டும் வாலாட்டுது?”

“குளிப்பாட்டுறவன் நானல்லோ.”

இக்னேசியஸ் ஒருவாறு சமாதானமாகி நாயை இழுத்துக்கொண்டு போனார். அது வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தது.

மெல்ரோய் கதவை இறுகத் தாழிட்டான். போன மாதம் இதே கதவு திறந்து கிடந்ததால்தான் சீசர் வீதிக்கு ஓடி பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. அன்று பின்னேரம், அதே சாதியான தன் சொந்த நாயை ஒட்ட வெட்டி, சீசரின் கழுத்துப்பட்டியைக் கட்டி, இக்னேசியஸின் மனைவியிடம் கொண்டுபோய் விட்டவன் அவன்தான்.

மத்தியானம் சாப்பிடக் குசினிக்குள் போனவன், இன்றைக்கும் மறந்துபோய் இரண்டு கோப்பையில் சோறு போட்டான்.