காலரா கேஸ்

"வாந்தி பேதிங்க! விடிஞ்சதிலேருந்து நிக்கவேயில்ல!" ஆஸ்பத்திரி கேட்டைப் பிடித்துக்கொண்டு அலறினான் கோதண்டராமன்.

பின்னால் மாட்டு வண்டியில் கிடந்த அவன் மனைவி ரேணுகாம்பாள் ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை. வைக்கோல் போரிலிருந்து விழுந்ததில் அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் கலைந்ததிலிருந்து திருவண்ணாமலை முழுக்கக் காலரா. கட்டில் போதாமல் வராந்தாவிலும் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். வேறு எந்தக் கேஸாக இருந்தாலும் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

அதனால்தான் தங்கள் ஊரான அடி அண்ணாமலையில் வண்டி பூட்டும்போதே கோதண்டராமன் இந்த யோசனையைச் சொன்னான். "காலரான்னு சொல்லி உள்ள சேத்துடறேன். அப்புறமா டாக்டருகிட்ட இடுப்பைக் காட்டிக்கோ."

"அங்க போயி நெசமாவே ஒட்டிக்கிச்சுன்னா?"

"திருவிழாவுல ஊசி போட்டாங்க இல்ல? ஒண்ணும் ஆவாது."

வாட்ச்மேன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். "யோவ், செத்துட்டா பொணத்தைக் குடுக்க மாட்டோம். முனிசிபாலிட்டியே எரிச்சுடும். சம்மதமா?"

"சம்மதங்க."

ரேணுகாம்பாளுக்குச் சுருக்கென்றது. அவளை இறக்கும்போது கோதண்டராமன் காதோரம் குனிந்தான். "பேச்சுக்குத்தாண்டி. நாளைக்கே வந்துடறேன்."

பொய் பலித்தது. மறுநாள் பார்த்த டாக்டர் கத்தினார், ஆனால் துரத்தவில்லை. பெண்கள் வார்டுக்கு மாற்றி, காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்.

"எல்லாம் எங்க வூட்டுக்காரரு ரோசனைதான் சார்" என்றாள், அந்த வலியிலும் பெருமையாக.

கோதண்டராமன் மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

"உன் ஆளு எங்கம்மா?" என்று கேட்டாள் வார்டு ஆயா எல்லம்மாள்.

"காலரான்னா அவருக்குப் பயம் ஜாஸ்தி. கொஞ்சம் தணியட்டும், வந்துடுவாரு."

காலரா தணிந்தது. வராந்தா காலியானது. பொங்கலும் வந்து போனது. பக்கத்துக் கட்டில்காரிக்கு அவள் புருஷன் தினமும் சோறு கொண்டுவந்து ஊட்டிவிட்டான். அந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் படுக்கலாம் என்றால் எடை கட்டிய கால் விடாது. ரேணுகாம்பாள் முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வாள்.

பதினைந்து வருஷம் அவனோடு கழனியில் பாடுபட்டவள். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டிலும் கேட்க நாதியில்லை. ஒருநாள் ஆயாவிடம் உடைந்துபோனாள்.

"நொண்டிக்கு எவன் சோறு போடுவான்னு வுட்டுட்டான் எல்லம்மா. கோழைப் பய."

மாசியில் கட்டை ஊன்றி வராந்தா வரைக்கும் நடந்தாள். அங்கே பெஞ்சில், கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தான் சின்னசாமி. ஊரில் பக்கத்து வீட்டுக்காரன்.

அவளைக் கண்டதும் துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவன் பார்வை முதலில் அவள் பாதங்களுக்குத்தான் போனது.

"இன்னாடா அப்படிப் பாக்கற? அக்காடா! கையில இன்னா கட்டு?"

"கல்யாணப் பந்தியில... சாம்பார் கொட்டிடுச்சு."

"யாருக்குக் கல்யாணம்?"

அவன் சுவரோரமாகவே வாசல் பக்கம் நகர்ந்தான்.

"கேக்கறேன் இல்ல?"

"மாமாவுக்குத்தான்க்கா."

ரேணுகாம்பாள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இங்க உசிரோட கெடக்கறேன். நீங்கல்லாம் கூடி நின்னு தாலி கட்ட வெச்சீங்களா? ஒருத்தருக்குக்கூடவா மனசு கேக்கல? பந்தி வேற பரிமாறினியாடா, பாவி!"

சின்னசாமி அழுதுவிடுவான் போலிருந்தது.

"உனக்குக் கருமாதியெல்லாம் முடிச்சப்புறந்தான்க்கா பண்ணோம்!"