தடயமில்லாத ஞாயிறு

செல்போன் ஷோரூமின் காவலாளியை எல்லோரும் கமாண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் கொடுத்தவர் முதலாளி. சம்பளத்தை உயர்த்துவதைவிட அது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

அப்பேர்ப்பட்ட கமாண்டருக்கு ஐம்பது வயதில் திடீரென்று படிப்பு ஆசை வந்தது. படித்தது வீடியோ எடிட்டிங். பள்ளிக்கூடம், மகளின் பழைய லேப்டாப். வாத்தியார், காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்கி, பாடத்தைவிட அதிக நேரம் "மறக்காம லைக் போடுங்க" என்று கெஞ்சும் ஒரு பையன். கமாண்டர் மறக்காமல் போட்டார். இந்த மாதிரி படிப்புக்கு அதைத் தவிர வேறு ஃபீஸ் கிடையாது.

வெட்டுவது, ஒட்டுவது, வெளிச்சத்தை ஒத்துப்போகச் செய்வது என்று பாடங்கள் வளர்ந்தன. ஒருநாள் கமாண்டர் பாடத்துக்குக் கீழே பணிவாக ஒரு சந்தேகம் கேட்டார்: 'தம்பி, வீடியோ மூலையில் ஓடும் தேதியையும் நேரத்தையும் மாற்றுவது எப்படி?'

வாத்தியார் ஒரு சிவப்பு இதயம் அனுப்பி, அடுத்த பாடமாகவே அதைப் போட்டுவிட்டார். மாணவன் எதற்காகக் கேட்கிறான் என்று விசாரிக்கிற பழக்கமெல்லாம் ஆன்லைனில் ஏது?

செய்முறைப் பயிற்சிக்குத் தன் கல்யாண வீடியோவையே எடுத்துக்கொண்டார். மனைவி ஆசையாகப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதறினாள்.

"ஏங்க, எங்கண்ணனைக் காணோமே!"

"நல்லாப் பாரு. எங்கயாவது ஒட்டுத் தெரியுதா?"

"ஒட்டும் தெரியல, அண்ணனும் தெரியல!"

கமாண்டருக்குப் புல்லரித்தது. மச்சானையே சுவடில்லாமல் தூக்கிவிட்டோம், இனி எதைத்தான் தூக்க முடியாது?

மனைவியிடம் திட்டத்தைச் சொன்னார். ஞாயிறு கடை லீவு. உள்ளே இருப்பது அவர் ஒருவர்தான். திங்கள் காலை முதலாளி வந்ததும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவை வேகமாக ஓட்டிப் பார்ப்பார். அதற்குள் சரிசெய்துவிட்டால் போதும்.

"மாட்டிக்கிட்டா வேலை போயிடும்ங்க," என்று மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"அங்க கேமராவைத் தவிர வேற சாட்சி யாரு? அதையும் நம்ம பக்கம் இழுத்தாச்சு."

"அக்கம்பக்கத்துல யாராவது பார்த்துட்டா?"

"பக்கத்துச் சந்து வழியாப் போயிட்டு, அதே வழியா வந்துடுவேன். பத்துலேர்ந்து நாலு வரைக்கும்தான். நீ மட்டும் வாயைத் திறக்காம இரு."

ஞாயிறு வந்தது. காரியம் சத்தமில்லாமல் முடிந்தது.

சாயங்காலம் கமாண்டர் முதலாளியின் அறைக்குள் நுழைந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முகத்தில் அப்படியொரு தெம்பு. பாஸ்வேர்டு முதலாளியின் பிறந்தநாள். அதையும் வருஷா வருஷம் கேக் வெட்டிக் கடை முழுக்க அறிவித்திருந்தார் அந்தப் புத்திசாலி.

பத்திலிருந்து நான்கு வரையிலான பதிவை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காமல் கமாண்டர் வெட்டி எறிந்தார். அதில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? அந்த இடத்தில், பழைய ஞாயிறுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்த காட்சிகளை ஒட்டினார். கமாண்டர் விறைப்பாக நடக்கிறார். கமாண்டர் பூட்டை இழுத்துப் பார்க்கிறார். கமாண்டர் ஸ்டோர் ரூமுக்குள் டார்ச் அடித்துச் சோதிக்கிறார். தேதி சரி, நேரம் சரி, வெளிச்சமும் சரி. வெட்டியதை அழித்தார். அழித்ததையும் ஒருமுறை அழித்தார்.

திங்கள் காலை ஸ்டோர் ரூமைத் திறந்த முதலாளி, "ஐயோ!" என்று அலறினார். விலை உயர்ந்த செல்போன்கள் இருந்த அலமாரி துடைத்து வைத்ததுபோலக் காலி.

கமாண்டர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பார்த்தவர்கள் யாரும் அதை நடிப்பு என்று சொல்லியிருக்க முடியாது.

இன்ஸ்பெக்டர் வந்தார். பின்கதவைப் பார்த்தார். வீடியோவைப் போடச் சொன்னார். ஒரு முறை பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். கமாண்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கேயாவது ஒட்டுத் தெரிந்துவிடுமோ?

"ரொம்பச் சுத்தமான வீடியோ," என்றார் இன்ஸ்பெக்டர். "வெட்டு இல்ல, ஒட்டு இல்ல. ஒரு நிமிஷம்கூட விடுபடல."

கமாண்டருக்கு உயிர் வந்தது. ஹெட்போன் வாத்தியாரை மனதுக்குள் கும்பிட்டார்.

"பின்கதவை நெம்பியிருக்கு. ஆனா நாள் பூரா வெளியாள் ஒருத்தன்கூட உள்ள வரல," என்று திரும்பினார் இன்ஸ்பெக்டர். "ஸ்டோர் ரூமுக்குள்ள போய் வந்த ஒரே ஆள் நீதான். சரக்கை எங்கய்யா வச்சிருக்கே?"

"சார்... நான் இல்ல சார்... அந்த வீடியோ..." என்று தொடங்கிய கமாண்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வீடியோவுக்கு என்ன?" என்றார் முதலாளி. "மனுஷன் பொய் சொல்லுவான், கேமரா சொல்லுமா?"

ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து நான்கு வரை வீட்டில் கால் நீட்டிக் குறட்டை விட்டதை முதலாளி கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, திருடன் முகம் பதிவாகியிருந்த ஒரே வீடியோவைத் தன் கையாலேயே தடயமில்லாமல் அழித்துவிட்ட கமாண்டர், சத்தமில்லாமல் ஜீப்பில் ஏறினார்.