சுடுதண்ணிக்காரி

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா. காய்ச்சின தண்ணியா குடுங்க, தொண்டை சரியில்லை.”

வாசலில் நின்றவள் தொண்டு நிறுவனத்திலிருந்து வரும் நர்ஸ். உள்ளே இருந்தவள் கம்பெனிச் சட்டைகளுக்கு வீட்டிலேயே பொத்தான் தைத்துக் கொடுப்பவள். தெருவில் அவளுக்குப் பொத்தான்காரி என்றுதான் பேர்.

மடியிலிருந்த சட்டையை ஒதுக்கிவிட்டு முணுமுணுத்தபடி எழுந்தாள் பொத்தான்காரி. முதல் தடவை கேட்டபோது பாவமாகத்தான் இருந்தது. அடுத்த தடவையும் அதே தொண்டை. அதற்கடுத்த தடவையும்.

வந்த புதிதில் நர்ஸ் இப்படி இல்லை. மைக் பிடித்துப் பேசினாள், படம் காட்டினாள், ஆளுக்கொரு சோப்பு கொடுத்தாள். தகரக் கூரை வீடுகளிலிருந்து எல்லாரும் வந்து உட்கார்ந்து தலையாட்டினார்கள். சோப்பை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த மழைக்கும் வழக்கம்போல வாந்திபேதி வந்தது. பொத்தான்காரியின் மகள் கண் சொருகிக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். கடைசி வீட்டுக் கைக்குழந்தை திரும்பி வரவில்லை.

அதோடு நர்ஸ் மைக்கைத் தூக்கிப் போட்டுவிட்டாள். இப்போதெல்லாம் வீடு வீடாகத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பதோடு சரி. அவளுக்குச் சுடுதண்ணிக்காரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

“சம்பளம் குடுத்துத் தண்ணி குடிக்க அனுப்புறாங்க பாரு,” என்றாள் எதிர்வீட்டு மெக்கானிக் பெண்டாட்டி.

“குடிச்சு முடிச்சதும் பஸ் ஸ்டாப்புக்கு ஒரு ஓட்டம் ஓடுறா, பார்த்தியா? வீட்டுக்குப் போறதுக்கு அவ்வளவு அவசரம்,” என்றாள் பொத்தான்காரி.

“இவளுக்காக கேஸ் எரிக்கணும்னு நமக்கு என்ன தலையெழுத்து?”

ஆனாலும் வந்தவளுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எப்போது வருவாள் என்றும் தெரியாது. வந்த பிறகு காய்ச்சி ஆறவைத்தால் வேலை கெடுகிறது. அதனால் காலையிலேயே ஒரு பானை காய்ச்சி மூடிவைக்கப் பழகிக்கொண்டார்கள். அவள் குடிப்பது ஒரு டம்ளர். மீதியைக் கொட்டவா முடியும்?

அடுத்த மழைக்காலம் முடிகிற சமயம். தைத்த சட்டைகளைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வரும் வழியில், தொண்டு நிறுவனத்தின் போர்டு பொத்தான்காரி கண்ணில் பட்டது. இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று விறுவிறுவென மாடிப்படி ஏறினாள்.

உள்ளே குழந்தைகளை நிறுக்கிற தராசு, சுவரோரம் மருந்துப் பெட்டிகள், மூலையில் ஒரு ஃப்ரிட்ஜ். அதன் முன்னால் முதுகைக் காட்டி நின்ற நர்ஸ், பனி பூத்திருந்த பாட்டிலை எடுத்து அண்ணாந்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

“தொண்டை நல்லாயிடுச்சா சிஸ்டர்?”

நர்ஸ் திரும்பினாள். முகத்தில் அசடு வழிந்தது.

“மாட்டிக்கிட்டேன்,” என்றாள் வாயைத் துடைத்தபடி. “தொண்டைக்கு ஒண்ணுமில்லக்கா. என்னைக்குமே ஒண்ணுமில்ல.”

“அப்புறம் எதுக்கு எங்க உயிரை வாங்குனீங்க?”

“உங்க பாப்பாவை இந்த மழைக்கு எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனீங்க?”

பொத்தான்காரி விரல் விட்டு எண்ணப் பார்த்தாள்.

ஒரு தடவைகூட இல்லை. மெக்கானிக் வீட்டு இரட்டைப் பிள்ளைகளுக்கும் இல்லை. நினைத்து நினைத்துப் பார்த்தாள், தெருவில் ஒரு வீட்டுக்குக்கூட ஆட்டோ பிடிக்க யாரும் ஓடவில்லை. அத்தனை மழை பெய்து ஓய்ந்திருக்கிறது, அவளுக்கு அது உறைக்கவே இல்லை.



“காய்ச்சிக் குடிங்கன்னு மைக்ல கத்திப் பார்த்தேன். கடைசி வீட்டுக் குழந்தை போனப்புறம் எனக்குத் தூக்கமே இல்லக்கா. உங்களுக்குன்னா காய்ச்ச மாட்டீங்க, வந்தவ கேட்டா காய்ச்சுவீங்க. அதைத்தான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.”

“அதுக்காக, வயிறு என்னத்துக்கு ஆகும்? எல்லா வீட்டுலயுமா குடிக்கிறது?”

“ஒரு வீட்டை விட்டா, அந்த வீட்டுல அன்னைக்குப் பானை ஏறாதே.” நர்ஸ் சிரித்தாள். “குடிச்சுடலாம். பஸ் ஸ்டாப் பக்கத்துல இருக்கிற கட்டணக் கழிப்பறைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ளதான் உயிர் போய் உயிர் வரும்.”

அந்த ஓட்டத்தைப் பார்த்துத் தெருவே சிரித்தது ஞாபகம் வந்தது. பொத்தான்காரியால் நர்ஸின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்டது போலக் கால் கூசியது.

அதற்குள் உள்ளறையிலிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

“யாரும்மா? என்ன விஷயம்?”

“ஒரு புகார் சொல்லணும்மா.”

“யார் மேல?”

“இந்த சிஸ்டர் மேலதான்.”

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். பொத்தான்காரி உட்காரவில்லை.

“எங்க தெருவுல மட்டும் குடிச்சுட்டுக் கிளம்பிடுறாங்கம்மா. பின் தெருவுல என் நாத்தனார் ரெண்டு சின்னப் பிள்ளைங்களை வெச்சிருக்கா. அவ வீட்டுல இவங்க ஒரு நாளாவது தண்ணி கேட்டாங்களான்னு கேளுங்க.”